துரையிடம் சொன்னது

நவம்பர் 3, திங்கள்

கோபம் வந்தால் கத்தாதீர்கள், எழுதிவையுங்கள் என்றார் எனக்குப் பிரஷர் மாத்திரை எழுதித்தரும் டாக்டர். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருப்பவளிடம் கத்தாதே என்றால் எப்படி? இருந்தாலும் கம்பெனி கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து சும்மாதான் கிடக்கிறது. எழுதிப் பார்க்கிறேன்.

போன வியாழக்கிழமை அம்மா இறந்துபோனாள். விருதுநகரில் பாதி ஊர் வந்துபோனது. பால்காரர் வந்தார், கேஸ் போடுகிறவர் வந்தார், அம்மாவோடு ஒரே வார்டில் படுத்திருந்த நோயாளியின் மருமகள்கூட ஆட்டோ பிடித்து வந்து அழுதுவிட்டுப் போனாள். வராத ஒரே ஆள் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற செல்வபுஷ்பம். என் சித்தி. அப்பாவின் தம்பி பெண்டாட்டி. தாத்தா கட்டிய வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கினார்கள். இந்தப் பாதி எங்களுடையது, அந்தப் பாதி அவளுடையது. எங்கள் வீட்டு ஒப்பாரி அவள் அடுப்படி வரைக்கும் கேட்டிருக்கும். ஓசூரிலிருந்து அவள் மகன் வந்து மாலை போட்டுவிட்டுப் போனான். அவள் வரவில்லை.

குளிப்பாட்டும்போது எண்ணெய் சீயக்காய் வைக்கப் பெண்களைக் கூப்பிட்டார்கள். "ஓரகத்தி எங்க, மொதல்ல அவகளக் கூப்பிடுங்க" என்று யாரோ சொல்ல, அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்கு அவள் பதில் சொல்லியே ஆக வேண்டும். பதினாறாம் நாள் விசேஷம் முடிகிறவரைக்கும் நான் இங்கேதான் இருப்பேன். அதற்குள் அவளை அழவைக்காமல் திருப்பூர் பஸ் ஏற மாட்டேன்.

முதல் வேலையை அன்றைக்கே செய்துவிட்டேன். துரை அம்மாவின் நாய். சாக்கடையிலிருந்து தூக்கிவந்த செம்பட்டை நாட்டு நாய். குட்டியிலிருந்தே யார் வந்தாலும் எழுந்திருக்காது, அதனால் அந்தப் பெயர். இப்போது கிழடாகிவிட்டது, ஒரு கண் வெள்ளை. கொல்லைச் சுவரில் ஒரு சின்னக் கதவு உண்டு. கிணறு அந்தப் பக்கம் போய்விட்டதால் தாத்தா விட்ட வழி. நினைவு தெரிந்த நாளாக அது ஒருக்களித்தேதான் இருக்கும், துரை இரண்டு பக்கமும் போய்வரும்.

தீபாவளி லீவில் நான் வந்துதான் அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மூச்சு இரைப்பு. வீட்டுக்குள் நாய் மயிர் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொன்னார். அம்மா கேட்பாளா? கதவருகே உட்கார்ந்து துரையின் மூஞ்சியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னவோ சொல்லிச் சொல்லி அழுதாள். போதும்மா என்று துரையை அந்தப் பக்கம் தள்ளித் தாழ்ப்பாளைப் போட்டேன். டாக்டர் சொன்னதைத்தானே செய்தேன். லீவு முடிந்ததும் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸம்மாவை வைத்துவிட்டுத் திருப்பூர் போய்விட்டேன்.

அம்மாவை எடுத்துக்கொண்டு போனதும் அதே தாழ்ப்பாளைத் திறந்து துரையை இழுத்துவந்து மறுபடி போட்டுவிட்டேன். எங்கம்மா முகத்தைப் பார்க்க வராதவளுக்கு எங்கம்மா நாய் முகம் எதற்கு?

நவம்பர் 4, செவ்வாய்

பீரோவை ஒழித்தேன். அம்மாவின் சேலைகளை மூன்று மூட்டை கட்டினேன். துரை வெறும் சிமெண்ட் தரையில் படுத்திருந்தது. கையில் கிடைத்த சேலையை மடித்து அடியில் போட்டேன். அப்புறம் பார்த்தால் அது அம்மா கோவிலுக்குக் கட்டுகிற ஊதாச் சேலை. வேறு துணி கைக்கு எட்டவில்லை.

பாலும் சோறும் பிசைந்து வைத்தேன். மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. எழுந்து தள்ளாடிப் போய்ச் சின்னக் கதவைப் பிராண்டுகிறது. பிராண்டட்டும்.

நவம்பர் 5, புதன்

இந்தப் பகை எங்கிருந்து வந்தது என்று எழுதிவைக்கிறேன். என் கல்யாணத்தில் பந்தி நடக்கும்போது சித்தி என் மாமியாருக்கு ரசம் ஊற்றிக்கொண்டே, "பொண்ணுக்குக் கொஞ்சம் வாய் நீளம், நீங்கதான் அனுசரிச்சுப் போகணும்" என்றாள். எனக்கா வாய் நீளம்! அன்றைக்கே மண்டபத்தில் வைத்து அவளை நாலு வார்த்தை கேட்டுவிட்டேன். அம்மா அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினாள். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

பேச்சை நிறுத்தினார்கள் என்றால் நேராகப் பேசுவதை நிறுத்தினார்கள். சாடை பேசுவதை யார் நிறுத்த முடியும்? முதலில் கோழியிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். கோழி ஒரு இடத்தில் நிற்காது. துரை வந்தபிறகு வசதியாகப் போயிற்று. "தொரை, மோட்டாரப் போட்டுட்டு சீரியல்ல உக்காந்தா தொட்டி வழியாதா?" என்று அம்மா இங்கிருந்து சொல்வாள். துரை நிதானமாக அந்தப் பக்கம் போனதும், "தொரை, கிணறு எங்களுது, வழிஞ்சா எங்களுக்கு வழியுது" என்று அங்கிருந்து வரும். "தொரை, எனக்குக் காலைல இருந்து காய்ச்சலு" என்று அம்மா சொன்னால், கொஞ்ச நேரத்தில் கதவுப்படியில் ஒரு தூக்குச்சட்டியில் கஞ்சி இருக்கும். நாய்க்கு வைப்பதுபோல் வைத்துவிட்டுப் போவாள், திமிர் பிடித்தவள். அம்மாவும் அதை வெட்கமில்லாமல் குடிப்பாள்.

இன்று காலையில் நான் ஆரம்பித்தேன். துரைக்கு முன்னால் தட்டை வைத்து, சுவரைப் பார்த்து, ஒரு கட்டிடம் முழுக்கக் கேட்கிற என் கம்பெனிக் குரலில் சொன்னேன்: "சாப்பிடு தொரை. சில பேரு பக்கத்துல இருந்துக்கிட்டே சாவுக்கு எட்டிப் பாக்க மாட்டாக. நீ நாயி, உனக்காவது நன்றி இருக்கு."

பதில் வரவில்லை. பாத்திரம் தேய்க்கும் சத்தம் மட்டும் சட்டென்று நின்றது.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. பதில் சொல்ல அவளுக்கு நாய் வேண்டும். நாய் என் பக்கம் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் அம்மாவால் அடைக்க முடியாத வாயை நான் வந்த வாரத்திலேயே அடைத்துவிட்டேன். சிரித்துச் சிரித்து எனக்குப் புரை ஏறிவிட்டது.

நவம்பர் 6, வியாழன்

இன்றும் பேசினேன். இன்றும் பதில் இல்லை. நல்ல பசி, இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

நவம்பர் 7, வெள்ளி

வீட்டுக்காரர் திருப்பூரிலிருந்து போன் செய்தார். வீட்டை வாடகைக்கு விடச் சொல்லிவிட்டாயா, பதினாறுக்கு எத்தனை இலை என்றெல்லாம் கேட்டுவிட்டு, "நாய என்ன பண்ணப் போற?" என்றார். திருப்பூரில் எங்கள் வீடு மாடி வீடு, ஓனர் பூனையைக்கூட அனுமதிக்க மாட்டார்.

"அதுக்கென்ன, பாத்துக்கலாம்."

"உங்க சித்திட்ட விட்டுட்டு வந்துரு கனி. அதுக்கும் பழகுன இடந்தான?"

"உங்களுக்கு வெவஸ்தையே கிடையாதா? எங்கம்மா பொணத்த அவ வந்து பாத்தாளா? அவகிட்டக் கொடுக்குறதுக்கு இதக் கொண்டுபோய் நாலு வழிச் சாலையில விட்டுருவேன்" என்று கத்தினேன். அவர் போனை வைத்துவிட்டார். கத்தியதை இங்கே எழுதிவிட்டேன். டாக்டர் சொன்ன மாதிரி அப்படி ஒன்றும் பிரஷர் குறையவில்லை.

துரை இன்று தண்ணீர் மட்டும் குடித்தது. பிஸ்கட்டை ஊறவைத்து வாயில் ஊட்டினேன். நாக்கால் வெளியே தள்ளியது.

நவம்பர் 8, சனி

கருவாடு! செல்வபுஷ்பம் கருவாடு வறுக்கிறாள்!

அம்மாவுக்குப் பதினாறு முடியவில்லை. நாங்கள் பங்காளி வீடு. எங்களுக்குத் தீட்டு என்றால் அவளுக்கும் தீட்டுத்தான். ஊருக்குத் தெரிந்தால் காறித் துப்புவார்கள். நான் இங்கே வெங்காயம்கூட வதக்காமல் பருப்பும் சோறும் தின்றுகொண்டிருக்கிறேன். அவள் சுவர் ஓரமாக அடுப்பைக் கொண்டுவந்து வைத்து, வேண்டுமென்றே, நெத்திலிக் கருவாட்டை வறுத்து எடுக்கிறாள். தெருமுனை வரைக்கும் மணக்கிறது.

சாவுக்கு வராதது போதாது என்று இது வேறு. எங்கம்மா செத்ததை விருந்து வைத்துக் கொண்டாடுகிறாளா?

துரை தலையைத் தூக்கி மூக்கை ஆட்டியது. அதற்கும் வெட்கமில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

மறுபடியும் கருவாடு. துரை ஊர்ந்தே சின்னக் கதவு வரைக்கும் போய்விட்டது. கதவின் அடியில் மூக்கை வைத்துக்கொண்டு முனகுகிறது.

நான் சும்மா இருப்பேனா? வற்றல் மிளகாயைக் கை நிறைய அள்ளி, இரும்புச் சட்டியில் கருக வறுத்து, சட்டியோடு கொண்டுபோய்ச் சுவர் ஓரத்தில் வைத்தேன். கமறிச் சாகட்டும் என்று. காற்று எங்கள் பக்கமாக அடித்தது. இருமி இருமி என் கண் இரண்டும் பழுத்துவிட்டன. துரை இருமத் தெம்பில்லாமல் வயிற்றை எக்கி எக்கித் துடித்தது. அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். முன்பெல்லாம் இரண்டு பேர் சேர்ந்தால்தான் தூக்க முடியும். இப்போது ஒரு தலையணை கனம்கூட இல்லை.

அந்தப் பக்கம் ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை.

நவம்பர் 10, திங்கள்

கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனேன். ஆட்டோக்காரர் நாய் என்றதும் அதிகம் கேட்டார், நானும் பதிலுக்கு அதிகம் பேசினேன். டாக்டர் சின்னப் பெண். ஈறை இழுத்துப் பார்த்தாள், வயிற்றை அமுக்கிப் பார்த்தாள், இரத்தம் எடுத்தாள்.

"கிட்னி ரெண்டும் போயிருச்சும்மா. வயசாச்சுல்ல. இன்னும் கொஞ்ச நாள்தான். வலி இருக்கும். நீங்க சரின்னா ஊசி போட்டுடலாம், தூங்குற மாதிரி போயிடும். நானே வீட்டுக்கு வந்து போடுறேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவள் துரையின் காதுக்குப் பக்கத்தில் கையைத் தட்டினாள். சாவியை ஆட்டினாள். துரை அசையவே இல்லை.

"காது சுத்தமாக் கேக்காதும்மா இதுக்கு. ரொம்ப வருஷமாவே கேட்டிருக்காது. வீட்டுல யாரும் கவனிக்கலையா?"

நான் என்ன சொல்ல? அதனிடம்தான் நாங்கள் ரெண்டு குடும்பமும் பேசிக்கொண்டிருந்தோம் என்றா? திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்கு அசிங்கமாக இருந்தது. ஒரு வாரமாகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேனே.

நவம்பர் 11, செவ்வாய்

ஊசிக்குச் சரி என்று போன் செய்துவிட்டேன். வியாழக்கிழமை காலையில் வருகிறேன் என்றாள். துரை படுகிற பாட்டை என்னால் பார்க்க முடியவில்லை. மூத்திரம் படுத்த இடத்திலேயே போகிறது. துடைத்துத் துடைத்து ஊதாச் சேலை நனைந்துவிட்டது. அம்மாவின் இன்னொரு சேலையை எடுத்து மாற்றினேன்.

அப்புறம் யோசித்தேன். இது நான் அவளுக்குக் கொடுக்கக்கூடிய கடைசி அடி. விட மனசு வரவில்லை. செவிட்டு நாயிடம் பேசக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் கேட்க வேண்டிய காது வேறு. கொல்லையில் துரைக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து சொன்னேன்.

"தொரை, நாளை கழிச்சு உனக்கு ஊசி போடப் போறாக. அதோட எல்லாம் முடிஞ்சுரும். எங்கம்மாவப் பாக்காதவுக உன்னையும் பாக்க வேணாம். கருவாடு வறுத்து உள்ள உக்காந்து தின்னட்டும்."

சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே விழுந்து உருண்டது. எனக்கு இதற்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன் என்று இருந்தது. ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. பருப்பில் உப்பு போட மறந்துவிட்டேன் போல.

நவம்பர் 12, புதன்

வெயில் ஏறுகிற நேரம் வாசல் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் செல்வபுஷ்பம் நிற்கிறாள்.

தலை முழுக்க வெளுத்துப்போயிருந்தது. ஒரு கால் வீங்கியிருந்தது. குரலைக் கேட்டுக்கேட்டு, கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்றிய அதே ஆள்தான் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கையில் மூடிபோட்ட கிண்ணம். என் முகத்தைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி நடந்து, கூடம், அடுப்படி என்று ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல் கொல்லைக்குப் போய், துரைக்குப் பக்கத்தில் சுவரைப் பிடித்து உட்கார்ந்தாள். நானும் இரண்டு வாரமாகச் சேர்த்துவைத்ததையெல்லாம் வாயில் வைத்துக்கொண்டு பின்னால் போனேன்.

கிண்ணத்தைத் திறந்தாள். கருவாடு போட்டுக் குழையப் பிசைந்த சோறு. துரையின் மூக்கு ஆடியது. அவள் விரலில் எடுத்து நீட்ட, நக்கியது. ஒரு வாய் தின்றது. இன்னும் ஒரு வாய். என் பாலுக்கும் பிஸ்கட்டுக்கும் திறக்காத வாய்!

"தின்னுடா தொரை" என்றாள். "பதினாறு முடியாமக் கவுச்சி ஆக்கக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். பாவம் வந்தா எனக்கு வந்துட்டுப் போகுது. கதவத் தொறக்க மாட்டாக. நீ மோந்து பாத்தாவது வாயத் தொறப்பியான்னுதான் சட்டியச் சுவத்தோரம் வச்சேன்."

நான் விடவில்லை. "தொரை, இம்புட்டுப் பாசம் இருக்கவுக அன்னைக்கு எங்க போயிருந்தாகளாம்? எண்ணெய் வைக்க ஆளில்லாம எங்கம்மா கிடந்தப்போ?"

"வர வேணாம்னு சொன்னவுக யாருன்னு கேளு தொரை."

"யாராம்?"

"உங்கம்மாதான். தீபாவளிக்கு மொத நாளு. நான் கிணத்தடியில துணிய ஊறப்போட்டுக்கிட்டு இருக்கேன். கதவுட்ட உக்காந்து அழுகுறா. 'இனிமே இங்கிட்டு வராத. நான் செத்தாலும் வந்து பாக்காத. உன்னயப் பாத்தா என்னால தாங்க முடியாது'ன்னு சொல்றா. சொல்லி முடிக்கல, உன்ன இங்கிட்டுத் தள்ளித் தாழ்ப்பாளப் போட்டாச்சு. எத்தன சண்டை வந்திருக்கும்? ஒருநாளாவது அந்தத் தாழ்ப்பாள அக்கா போட்டிருப்பாளா? உன்னையும் அனுப்பிட்டா, அப்புறம் எனக்கு என்ன இருக்கு?"

அவள் குரல் உடைந்தது. எனக்கு அது சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

"தொரை, அது எங்கம்மா உன்னயச் சொன்னதுடா" என்றேன். "டாக்டரு நாய வீட்டுல விடக் கூடாதுன்னாரு. அதான்."

சித்தி சிரித்தாள். சிரிப்பு என்றால் மூக்கு வழியாக ஒரு காற்று. "உனக்குக் காது போயி எத்தன வருசம் தொரை! எனக்குத் தெரியாதா? உங்கம்மாவுக்குத்தான் தெரியாதா? வெடி போடுறப்ப நீ திரும்பிக்கூடப் பாக்கல, 'தொரை, உனக்குக் காது போச்சேடா'ன்னு அவ சொல்லித்தான எனக்கே தெரியும். அதுக்கு அப்புறம் அவ பேசுனது ஒண்ணொண்ணும் எனக்குத்தான். காலைல எந்திரிச்சதும், 'தொரை, என்ன கொழம்பு இன்னைக்கு'ன்னு கேப்பா. நாயா கொழம்பு வைக்குது? எனக்குத்தான சொன்னா. வராதன்னதையும் எனக்குத்தான் சொன்னா. அவ பேச்ச மீறி அவ மூஞ்சில நான் எப்பிடி முழிப்பேன்?"

அவள் கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டு, துரையின் வெள்ளைக் கண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, வந்த வழியே போய்விட்டாள். நான் சேர்த்துவைத்ததில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

எனக்கு இப்போதும் ஆத்திரம்தான் வருகிறது. தட்டியிருக்கலாமே! ஒரே ஒரு தட்டு, "அக்கா, என்ன இப்பிடிச் சொல்லிட்ட" என்று ஒரே ஒரு கேள்வி. வாயில் என்ன கொழுக்கட்டையா? அம்மாவும் சரியில்லை. நாயிடம் சொல்கிறவள் மெதுவாகச் சொல்ல வேண்டியதுதானே? பகலெல்லாம் இரண்டு பேரையும் மாறி மாறித் திட்டினேன்.

சாயங்காலம் துரை கதவைப் பிராண்டியது. நகம் தரையில் இழுபடுகிற சத்தம்தான், பிராண்டத் தெம்பில்லை. தாழ்ப்பாளைத் திறந்துவிட்டேன். துரைக்காகத்தான் திறந்தேன், வேறு யாருக்காகவும் இல்லை.

நவம்பர் 13, வியாழன்

காலையில் பால் வாங்கிக்கொண்டு உள்ளே வரும்போது அந்தப் பக்கமிருந்து, "தொரை... ஏ தொரை..." என்று கேட்டது. செவிட்டு நாயை எதற்கு இப்படிக் கூப்பிடுகிறாள் என்று நினைக்கும்போதே தெரிந்துவிட்டது.

கிணற்றடியில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஈரத்தில் படுத்திருந்தது. வாயோரத்தில் ஒரு பருக்கை. சித்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என் கண்ணில் தண்ணீர் நிற்காமல் ஊற்றியது. அம்மாவுக்குக்கூட நான் இப்படி அழவில்லை, அன்றைக்கு ஆட்களுக்கு நாற்காலி போடவும் காபி கொடுக்கவுமே நேரம் சரியாக இருந்தது. துரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அம்மா, அம்மா என்று அழுதேன். நாயைப் பிடித்துக்கொண்டு அம்மா என்கிறோமே என்று அப்போது தோன்றவில்லை.

டாக்டர் பெண்ணுக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றேன்.

எங்கள் பக்கத்து முருங்கை மரத்தடியில் புதைப்பது என்று முடிவாயிற்று. யார் முடிவு செய்தார்கள்? பேசவில்லை. அவள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு சின்னக் கதவு வழியாக வந்து அங்கே நின்றாள், நான் மண்வெட்டியோடு போனேன். தோண்டினோம். துரையை அம்மாவின் ஊதாச் சேலையில் சுற்றி, ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்தோம். "கொஞ்சம் தூக்குங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது. யாரைப் பார்த்துச் சொல்வது? தலையை ஆட்டினேன், அவளும் ஆட்டினாள். கதவுப்படியில் அவள் வீங்கிய கால் இடித்துக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

குழிக்குள் இறக்கி வைத்தாயிற்று. சித்தி முதல் கை மண்ணை எடுத்தாள். எனக்குச் சட்டென்று ஒரு எண்ணம் வந்தது. ஒன்றுமே சொல்லாமல் மண்ணைத் தள்ளிவிட்டு நாளை மறுநாள் பஸ் ஏறினால் போதும். அக்கா என்னை வராதே என்று சொல்லிவிட்டுச் செத்தாள் என்ற நினைப்போடு இவள் மிச்ச நாளெல்லாம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். இதைவிடப் பெரிய தண்டனையை நான் யோசித்தாலும் செய்ய முடியாது. மண்டபத்தில் ரசம் ஊற்றிக்கொண்டு சொன்னதற்கும், எண்ணெய் வைக்க வராததற்கும் சேர்த்து வட்டியோடு தீர்ந்துவிடும். வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவள் மண்ணைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். மண் விரலிடுக்கில் உதிர்ந்தது.

குழியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "தொரை, நான் பக்கத்துலதான் நின்னேன். எங்கம்மா உன் மூஞ்சிய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டுத்தான் அதச் சொன்னா. உன் மூக்கோட அவ மூக்கு இடிச்சுச்சு. சுவத்துப் பக்கம் திரும்பக்கூட இல்ல. வேற யாரையும் வர வேணாம்னு அவ சொல்லல. சாகுறதுக்கு முந்துன நாளு, அந்தக் கதவத்தான் பாத்துக்கிட்டுக் கிடந்தா."

கடைசியாகச் சொன்னதை எழுதும்போதுதான் அந்த நாள் எனக்கு முழுசாக ஞாபகம் வருகிறது. ஆமாம், அம்மா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பதாக நர்ஸம்மாதான் போனில் சொன்னாள். துரையைத் தேடுகிறாள் என்று நினைத்து, டாக்டர் சொன்னாருல்லம்மா என்று நான் போனில் அதட்டினேன்.

சித்தி கையிலிருந்த மண்ணைத் துரையின் மேல் போட்டாள். நிமிர்ந்து முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"அதுக்குத்தான் காது கேக்காதே கனி. எனக்குக் கேக்கும். எங்கிட்டச் சொல்லு."

நவம்பர் 14, வெள்ளி

பதினாறு முடிந்தது. வீட்டுக்காரர் காலையிலேயே வந்துவிட்டார். அம்மா படத்துக்கு விளக்கேற்ற ஆள் தேடியபோது சித்தி சின்னக் கதவு வழியாக வந்தாள். வந்தவர்களெல்லாம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்க்கட்டும். படத்துக்கு முன்னால் ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, படத்தின் நெற்றியில் ஒரு சொட்டுத் தொட்டு வைத்தாள்.

இலை எடுத்து, பாத்திரம் ஒதுக்கி, எல்லோரும் போனபிறகு இரண்டு பேரும் கொல்லையில் உட்கார்ந்து அண்டா தேய்த்தோம். நேற்றிலிருந்து அவள் நேராகவே பேசுகிறாள். அம்மா கடைசியாக என்ன சாப்பிட்டாள், ஆஸ்பத்திரியில் எப்படி இருந்தாள், டாக்டர் என்னென்ன சொன்னார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சொன்னேன். என் கல்யாணத்தில் சொன்னதையும் கேட்டேவிட்டேன். "வாய் நீளம்னுதான சொன்னேன், பொய்யா சொன்னேன்?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா இருந்திருந்தால் அவளுக்கும் வந்திருக்கும்.

பிறகு அவள் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, சின்னக் கதவைப் பார்த்தாள். தாழ்ப்பாளைப் பார்த்தாள்.

"ஏ கனி, அக்காவுக்கு அன்னைக்கு எந்திரிச்சு நிக்கவே தெம்பிருந்திருக்காதே. அம்புட்டு உசரத்துல இருக்கு. அந்தத் தாழ்ப்பாள யாரு போட்டா?"

கையில் புளியும் சாம்பலுமாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். துரையிடம் கேட்டிருந்தால் நான் கேட்காததுபோல் எழுந்து போயிருப்பேன்.